கோகிலவாணியின் மணிக்கட்டு

கோகிலவாணியின் கைகள் சிறுத்துப்போன காலை, எங்கள் வீதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளாக இருந்தது. குழாயடியில் நாங்கள் எல்லோருமே குடத்தோடு நின்றிருந்தோம். அதனால் அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, நிரம்பிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குடத்துக்குள் விழுந்த சத்தத்தை எல்லோருமே கேட்டோம்.

"அம்மிணி, வளையல் விழுவுது பாரு," என்றாள் தோசைமாவு அரைத்து விற்கும் தெய்வானை அக்கா.

கோகிலவாணி குடத்துக்குள் கையை விட்டுத் துழாவி வளையல்களை எடுத்தாள். எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து வயசுப் பிள்ளையின் கை அது. பெருவிரல் ஓரத்தில் நெருப்பு பட்ட பழைய தழும்பு அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதுவும் கையோடு சேர்ந்து சிறுத்துக் கடுகு போல ஆகியிருந்தது. மற்றக் கையும் அப்படித்தான்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க்கா. ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள வெச்சிருந்த மாதிரி இருக்குது."

நிறைந்த குடத்தைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. தெய்வானை அக்கா அதைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து தன் குடத்தை வரிசையில் வைத்தாள். அதற்குள் பேச்சு தக்காளி விலைக்குப் போயிருந்தது. தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாத நேரத்தில் ஒருத்தி கையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்?

கோகிலவாணிக்குக் கண்ணாடி வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில், கோயமுத்தூர்க் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய குடுவைகளையும் அளவுக் குழாய்களையும் தீயில் காட்டி, வாயால் ஊதி, வளைத்துக் கொடுப்பாள். பட்டறையின் மறுபாதியில் அவள் புருஷன் தண்டபாணி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவான். ஒரு நாள் ஒரு கல்லூரி, வேண்டாத சாமான்களோடு பழைய எண்ணும் கருவி ஒன்றையும் கழித்துக்கட்டியது. அதை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தபோது உள்ளே கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. நிக்ஸி டியூப் என்று தண்டபாணி சொன்னான். ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை பத்து எண்கள், மெல்லிய தகட்டில் வெட்டியவை, ஒன்றன் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. உள்ளே காற்று கிடையாது, கொஞ்சம் நியான் வாயு மட்டும். எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அந்த எண்ணின் மேல் மட்டும் ஆரஞ்சு வெளிச்சம் தோல் போலப் படியும்.

தண்டபாணி வயரைத் தொட்டுக்காட்ட ஏழு எரிந்தது. கோகிலவாணி அடுப்பில் வைத்த பாலை மறந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இதை நான் கையில கட்டோணுங்க," என்றாள்.

"கையிலயா? டிபன் பாக்ஸைக் கட்டுன மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

முதலில் அந்தப் பழைய குழாய்களையே வைத்து ஒரு கைக்கடிகாரம் செய்துதான் பார்த்தார்கள். மேலே இரண்டு குழாய்கள் நெட்டுக்குத்தாக நின்றன. பொத்தானை அழுத்தினால் மணியைக் காட்டும், இன்னொரு முறை அழுத்தினால் நிமிஷத்தைக் காட்டும், உடனே அணைந்துவிடும், இல்லையென்றால் பேட்டரி பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோகும். அதைக் கட்டிக்கொண்டு அவள் காந்திபுரம் போன முதல் நாளே டவுன் பஸ்ஸில் கம்பியில் இடித்துக் குழாய்கள் நொறுங்கின. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கண்ணாடித் தூளைப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டு, சின்னதாக நாமே செய்வோம் என்று சொன்னவள்தான். அப்புறம் அவள் வேறு எதைப் பற்றியும் பேசி நாங்கள் கேட்கவில்லை.

சின்னதாகச் செய்வது லேசில்லை. எண்களை நெருக்கி வைத்தால் எட்டு எரிய வேண்டிய இடத்தில் எட்டும் மூன்றும் சேர்ந்து எரியும். தள்ளி வைத்தால் குழாய் பழையபடி பருத்துப்போகும். கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் கம்பிகள் பன்னிரண்டும், ஆறும்போது கண்ணாடி சுருங்குகிற அளவுக்குத் தாங்களும் சுருங்க வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் டிக்கென்று ஒரு கீறல் விழுந்து பல நாள் வேலை போய்விடும். இத்தனையும் சரியாக வந்து, கடைசியில் எண்களை உள்ளே நிறுத்தும்போது அவளுடைய விரல் எதையாவது தட்டிவிடும். வளையல்கள் கழன்று விழுந்ததற்கு முந்தின சாயங்காலம், உடைந்த குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்து, "தண்டி தண்டியா, வெண்டைக்காயாட்டம்," என்று அவள் திட்டியது தண்டபாணிக்கு ஞாபகம் இருந்தது.

பிள்ளைக் கைகளால் அவள் அந்தக் குழாய்களைச் செய்து முடித்தாள். கடிகாரமும் முடிந்தது. கட்டிப் பார்த்தபோது அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போனது, ஏனென்றால் அளவு எடுத்தது பழைய கைக்கு. வாரில் எத்தனை ஓட்டை போட்டாலும் குழாய்கள் இரண்டும் அந்த மணிக்கட்டைவிட அகலமாகத்தான் இருந்தன. கோகிலவாணி அதைக் கழற்றித் தெய்வானை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் சின்னதாக ஆரம்பித்தாள். அந்தக் குழாய்களின் வேலை கேட்ட அளவுக்கு, ஒரு காலையில், கைகள் இன்னும் சிறுத்தன. இரண்டாவது கடிகாரம் மோட்டார் வைண்டிங் கடை சாமியப்பண்ணனுக்குப் போனது. மூன்றாவதற்கு ஆரம்பித்தபோது அவளுடைய கைகள் முழங்கையிலிருந்து கீழே முள்ளங்கி போலக் கூம்பி, நுனியில் அணிலின் கை அளவில் முடிந்தன. கரண்ட் போன நேரத்தில் தெய்வானை அக்காவின் கையிலும் சாமியப்பண்ணனின் கையிலும் மணி ஆரஞ்சாக எரிவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம், பந்தியில் உட்கார்ந்தும் இலை போடப்படாத ஆளின் முகம் போல இருக்கும்.

டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரேயில் எல்லா எலும்புகளும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக இருந்தன. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தன் காது மிஷினுக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் அந்தச் சின்ன விரலை உள்ளே விட்டு ஒரு பஞ்சு இழையை எடுத்துப்போட்டாள்.

அங்கே ஆரம்பித்ததுதான். பிள்ளையின் மூக்கில் மாட்டிய பட்டாணி, தொண்டையில் நின்ற மீன்முள், தையல் மிஷினின் வயிற்றுக்குள் அறுந்த நூல், கோயில் உற்சவரின் அட்டிகைக் கல்லுக்கு அடியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு, சாமியப்பண்ணனின் கடையில் யாராலும் சுற்ற முடியாத குட்டி மோட்டார் என்று எல்லாம் அவள் வாசலுக்கு வந்தன. நாங்களும் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை. அவளால் தலை பின்ன முடியாது என்று ஒருத்தி பின்னிவிட்டாள், சேலைக் கொசுவம் பிடிக்க முடியாது என்று ஒருத்தி வந்து பிடித்துவிட்டாள், சோறு ஒருத்தி ஊட்டினாள், கதவுத் தாழ்ப்பாளைத் தண்டபாணி அறுத்து எடுத்துவிட்டுக் கயிறு கட்டினான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. மழைக்காலம் வந்தால் செருப்பை உள்ளே எடுத்து வைப்பது போல அது தானாக நடந்தது. பக்கத்து வீதிக்காரர்கள் வந்து கேட்டால், "எங்க வீதியில ஒரு கை இருக்குது," என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்குப் பழகிவிட்டது.

தண்டபாணிக்கு மட்டும் பழகவில்லை. காலையில் அவள் கண் விழிப்பதற்கு முன்னால் போர்வையை விலக்கிப் பார்ப்பான். பார்த்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்று மூச்சு விடுவான். அவன் மூச்சு விடும் விதத்தை வைத்தே அன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவளுடைய இடுக்கிகளை ஒளித்து வைத்தான். இடுக்கி இல்லாமலே அவள் வேலை செய்துகொண்டிருந்தாள், அந்த விரல்களுக்கு இடுக்கி தேவைப்படவில்லை.

"போதும் கோகிலா, நிறுத்திக்கலாம்," என்று அவன் சொன்னதை, குட்டி மோட்டாரை வாங்க வந்த சாமியப்பண்ணன் பட்டறை வாசலில் நின்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. இது சரியா வந்துரும்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"இந்தத் தடவை டியூப்பு கொத்தமல்லி விதையளவுதான். இதுக்கு மேல கை எங்க போகும்?"

"எங்க போகும்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில போர்வையை எடுத்துப் பாக்கறப்ப ஒண்ணுமே இல்லாம இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் குனிந்து, கண்ணுக்குத் தெரியாத நான்கை, கண்ணுக்குத் தெரியாத ஐந்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

தண்டபாணி வாசலைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கண்ணா," என்றான்.

சாமியப்பண்ணன் அவன் முகத்தையும் தன் கையிலிருந்த மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது வந்து தம்பி... இப்படி ஒரு கை யாருக்கு அமையும்," என்று ஆரம்பித்தவர், பாதியில் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கொத்தமல்லி விதை அளவு குழாய்க்குள் எண்கள் நின்றுவிட்டன, கண்ணாடியும் கீறல் விடாமல் மூடிக்கொண்டது. அடுத்தது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்துக்கொண்டே பெரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து, உலோகத்தைச் சிவக்கச் சூடாக்கி, அதில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் அழுக்கையும் விரட்டுவது. பெரிய குழாயில் கொஞ்சம் அழுக்கு மிஞ்சினாலும் தெரியாது. இவ்வளவு சின்னதில் ஒரு துளி மிஞ்சினாலும் ஆரஞ்சு செத்து நீலமாகிவிடும் என்பதால் வெகுநேரம் சூடாக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை எப்போதும் அவள்தான் செய்வாள். இப்போது குழாயின் கம்பிகளில் மாட்டும் கிளிப்பை அழுத்திப் பிடிக்க அவள் கையில் பலம் இல்லாததால், அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தண்டபாணி செய்தான்.

நடுப்பகல். தகரக் கூரைக்குக் கீழே அனல். அவன் உள்ளங்கை இரண்டும் வேர்வையில் நனைந்திருந்தன. ஒரு கிளிப் நழுவியது. இது அவளுடைய கடைசிக் குழாய், இது கெட்டால் அவள் இன்னும் சின்னதாக ஒன்றை ஆரம்பிப்பாள் என்ற பயத்தில், சுவிட்சை அணைக்காமலே அவன் அதைப் பிடிக்கக் கை நீட்டினான்.

அவன் கத்தவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் சத்தம் மட்டும் மாறியது.

மெயின் சுவிட்ச் சுவரில் இருந்தது, இரும்புக் கைப்பிடி போட்ட பழைய காலத்துச் சுவிட்ச், கீழே இழுக்க வேண்டும். கோகிலவாணி பாய்ந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தாள். பிடித்தாள் என்று எப்படிச் சொல்வது, அந்த விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வளையக்கூட இல்லை. இழுத்தாள், வழுக்கியது. மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் வழுக்கியது. "ஐயோ, யாராச்சும் வாங்களே!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் கரண்டியும் துடைப்பமுமாக ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் ஸ்டூலில் ஏறி, முழங்கையை அந்தக் கைப்பிடிக்கு மேலே கொக்கி போலப் போட்டு, கால் இரண்டையும் தரையை விட்டு எடுத்துத் தன் உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டிருந்தாள். சுவிட்ச் இறங்கியது. அவளும் விழுந்தாள், அவனும் விழுந்தான்.

தண்டபாணி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தான். வீட்டுக்கு வந்தபோது இரண்டு கைகளிலும், விரல்கள் தெரியாதபடி, குழந்தைக்குக் குல்லாய் போட்டது போல வெள்ளைக் கட்டு. இருந்த இரண்டு பேரில் இரண்டு பேருக்குமே கை இல்லாத வீடாக அது ஆகிவிட்டது. யார் எப்போது ஊட்டுவது என்று நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். முதல் நாள் தெய்வானை அக்கா கொள்ளு ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றோடு போனாள்.

"அங்க வெச்சுட்டுப் போங்க்கா. அவருக்கு நானே ஊட்டறேன்," என்றாள் கோகிலவாணி.

"உன் கையிலயா அம்மிணி? ஒரு பருக்கைக்கு மேல நிக்காது."

"நிக்கறது நிக்கட்டும்."

அவள் ஒரு பருக்கையை எடுத்தாள். தண்டபாணி வாயைத் திறந்தான். அவள் வைத்தாள். மெல்லுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்றாலும் அவன் மரியாதைக்கு மென்றான். அவள் அடுத்த பருக்கையை எடுத்தாள். வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சுவரில் ஏறி, மெல்ல மங்கியது. தட்டில் சோறு அப்படியே இருப்பது போலத்தான் இருந்தது. மீன்முள்ளோடு ஒருத்தி தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள்தான் அந்தத் தாயையும் மகனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இப்படியே நடந்தது. அவன் கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. நிறையச் சாப்பிட்டால்தான் புண் ஆறும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஒரு மனுஷன் எங்கள் கண் முன்னால், நிறைந்த தட்டுக்கு முன்னால், பட்டினியில் கரைகிறான், நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்கிறோம். ஒரு நாள் அவளைக் குளிப்பாட்ட அழைத்துப் போன நேரத்தில், தெய்வானை அக்கா முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த இட்டிலியைப் பிட்டு அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"செத்துப் போயிருவீங்க தம்பி."

"அவ வரட்டுங்க்கா."

அவள் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் விரலில் இரண்டு பருக்கைகள் நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தூங்கும் குழந்தையைப் பற்றிப் பேசினால் விழித்துக்கொள்ளும் என்பது போல, கையைப் பற்றிப் பேசினால் அது திரும்பிப் போய்விடும் என்று பயந்தோம். வீட்டுக்குப் போய்ச் சமைத்தோம், துணி துவைத்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். இரண்டு, நாலைந்து ஆனது. நாலைந்து ஒரு சிட்டிகை ஆனது. சாயங்காலம்வரை போய்க்கொண்டிருந்த மதியச் சோறு, மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிந்தது, அப்புறம் பக்கத்து வீட்டுக் குக்கர் ஆறுவதற்குள் முடிந்தது. சிறுத்து மறைந்திருந்த மணிக்கட்டு எலும்பு அவளுக்கு மறுபடியும் புடைத்துத் தெரிந்தது.

கை ஓரளவு வந்துவிட்ட பிறகு ஒரு நாள் அவள் பட்டறைக்குள் போனாள். கொத்தமல்லி விதைக் குழாய் பம்பின் நுனியில் அப்படியே தூசி படிந்து நின்றது. தண்டபாணியின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டதும் அவசரமாக அதை எடுக்கப் போனாள். விரல்களுக்கு நடுவில் அது இருப்பதே தெரியவில்லை. நழுவித் தரையில் விழுந்தது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். அவன் விரல்கள் கட்டுக்குள் இருந்தன, அவளுக்கு விரல் பெரிது. கிடைக்கவில்லை. கோகிலவாணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கை சிறுத்தபோது அழாதவள், அவன் சுருண்டு விழுந்தபோது அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"பத்தும் சரியா நின்னுச்சுங்க. ஒண்ணுகூட ஒண்ணைத் தொடலை."

"நான் பாத்தேனே," என்றான் தண்டபாணி. பிறகு, கட்டுப் போட்ட கையால் அவள் தோளை இடித்து, "டிபன் பாக்ஸ் தண்டியிலேயே ஒண்ணு பண்ணிக் கட்டிக்க. பஸ்ல போறப்ப நான் உன் கையைத் தாங்கிப் பிடிச்சுட்டு நிக்கறேன்," என்றான். அவள் அழுகையோடு அழுகையாக என்னவோ சொன்னாள். ஜன்னலில் நின்ற எங்களுக்கு அது கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த நாளில் அவன் உள்ளங்கைகள் ரோஸ் நிறத்தில், ரேகை இல்லாமல், புதுசாக இருந்தன. இனிமேல் நீங்களே எடுத்துச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் கையை நீட்டியபோது கோகிலவாணி அதைத் தட்டிவிட்டாள். சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் வாயைத் திறந்தான். இன்னும் அகலமாகத் திறந்தான். கவளம் உள்ளே போகவில்லை.

"கொஞ்சம் கொறைச்சுப் புடி," என்றான்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். எலுமிச்சம்பழம் போல வர வேண்டிய உருண்டை சாத்துக்குடி அளவுக்கு வந்திருந்தது, அதைச் சுற்றி விரல்களில் இன்னும் இடம் இருந்தது. அவள் அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவனுக்கு ஊட்டினாள், மறுபாதியைத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

ஜன்னலிலிருந்து தெய்வானை அக்காதான் முதலில் நகர்ந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, இன்னும் ஒரு படி அரிசியை உலையில் போடப் போனாள்.